"சுத்திக்கிட்டே இருக்கு, படம் வரல": சேலை விற்பவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

"படத்தை கம்ப்ரஸ் பண்ணிப் போடுங்க" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். பாதிக் கோளாறு அதில் தீராது. படம் வராமல் இருப்பதற்குக் காரணம் ஒன்று, வந்த படம் போனைத் தொங்க வைப்பதற்குக் காரணம் வேறொன்று, விலையைப் படிக்க முடியாமல் போவது தனிக்கதை. எதிர்முனையில் இருப்பவர் என்ன வார்த்தையில் புகார் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டால், கையை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

கைத்தறிச் சேலையை இணையத்தில் விற்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நெகமம் காட்டனோ, செட்டிநாட்டுக் கண்டாங்கியோ, சின்னாளப்பட்டிச் சுங்குடியோ, ஒரு சேலைக்குக் குறைந்தது மூன்று படம் வேண்டும்: முழுச் சேலை, முந்தி, பார்டர். நாற்பது சேலை வந்து இறங்கினால் 120 படம். சமையல் குறிப்புக்குப் படிக்குப் படி படம் போடுபவர்களுக்கும், ஊர் சுற்றிவிட்டு ஆல்பம் போடுபவர்களுக்கும் இதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

"எனக்கு நல்லாத்தானே வருது?"

இது வாடிக்கையாளர் சொல்வதல்ல, நீங்கள் சொல்வது. ஆனால் முதலில் தீர்க்க வேண்டிய கோளாறு இதுதான்.

நீங்கள் ஏற்றிய படத்தை உங்கள் பிரவுசர் ஏற்கெனவே எடுத்துப் பதுக்கி வைத்திருக்கும். இரண்டாம் முறை திறக்கும்போது இணையத்தைத் தொடாமலே காட்டிவிடும். கடையில் பைபர் இணைப்பும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் சோதனை பார்ப்பதானால் இன்காக்னிட்டோ ஜன்னலில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் நல்லது. குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போனால் வேகத்தைக் குறைத்துக் காட்டும் பட்டியல் இருக்கும். அதில் கஸ்டம் என்று ஒன்றைச் சேர்த்து, டவுன்லோடு வேகம் 64 கிலோபிட் என்று போடுங்கள். ஏன் 64? தினசரி டேட்டா தீர்ந்த பிறகு நம் ஊர் பிளான்கள் பலவற்றில் வேகம் இறங்கி நிற்கும் இடம் அதுதான். பகலெல்லாம் ரீல்ஸ் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்து சேலை பார்க்க உட்காரும் வாடிக்கையாளரின் வேகம் பெரும்பாலும் இதுவே. சிக்னல் பட்டை நான்கும் நிறைந்திருக்கும், ஒன்றும் வராது. நாம் அவரைப் பார்த்து "உங்க ஏரியால டவர் சரியில்லையோ?" என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

போனிலேயே நெட்வொர்க்கை 2ஜிக்கு மாற்றிச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. மாற்றினால் சிக்னலே போய்விடும்.

"சுத்துது சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு"

இது கனத்தின் கோளாறு, அதாவது படம் எத்தனை எம்பி என்பதன் கோளாறு. கணக்குப் போட்டுவிட்டால் சந்தேகமே வராது.

64 கிலோபிட் என்றால் வினாடிக்கு 8 கேபி. போன் கேமராவில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 4 எம்பி. அதாவது 500 வினாடி, எட்டு நிமிடத்துக்கு மேல், ஒரே ஒரு முந்திக்கு. 120 படமும் இப்படியே போனால் 480 எம்பி, 1.5 ஜிபி பிளான் போட்டவருக்கு அன்றைய டேட்டாவில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் கடைக்கே சரி.

இனி குறைப்போம். அவர் கையில் இருக்கும் போனின் திரை அகலம் பெரும்பாலும் 1080 பிக்சல், அல்லது அதற்கும் கீழே. 4000 பிக்சல் படத்தை அனுப்பினாலும் அந்தத் திரையில் 1080தான் தெரியும், மிச்சம் வீண். கம்ப்யூட்டரில் ஸ்குவூஷ் (squoosh.app) என்ற படம் சுருக்கும் தளத்தைத் திறந்து படத்தைப் போடுங்கள். அது படத்தை எங்கேயும் ஏற்றாது, உங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். ரீசைஸில் அகலம் 1080, ஜேபெக் (jpg என்று முடியும் வழக்கமான பட வடிவம்) தரம் 75. சேலைப் படம் 200 கேபி பக்கம் வந்து நிற்கும். நெசவு நுணுக்கமாக இருந்தால் கூடும், வெறும் பிளெய்ன் காட்டனாக இருந்தால் குறையும். 200 கேபி என்றால் 25 வினாடி.

நெசவு என்றதும் ஒரு விஷயம். ஜேபெக் வெறுமையான பரப்பைச் சுலபமாகச் சுருக்கிவிடும்; பொடிப்பொடியான விவரம் இருந்தால் திணறும். சேலையைப் பூப்போட்ட பெட்ஷீட் மேல் விரித்து எடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பெட்ஷீட்டுக்கும் சேர்த்துத்தான் வாடிக்கையாளர் டேட்டா செலவழிக்கிறார். வெள்ளைச் சுவர் முன்னால் தொங்கவிட்டு எடுத்த அதே சேலை, அதே அளவில், அதே தரத்தில், கண்கூடாக இளைத்து வரும். ஸ்குவூஷில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். சுவரில் எடுத்தால் சேலையும் எடுப்பாகத் தெரியும் என்பது உபரி லாபம்.

சரி, எல்லாவற்றையும் 200 கேபி ஆக்கியாயிற்று. தீர்ந்ததா? 120 படம், 24 எம்பி. வினாடிக்கு 8 கேபி வீதம் 50 நிமிடம். யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கம்ப்ரஸ் மட்டும் போதாது என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். என்ன அனுப்புகிறோம் என்பதைக் குறைக்க வேண்டும்.

உங்கள் தளத்தின் பட்டியல் பக்கத்தில் சேலைக்கு ஒரு சின்னப் படம், 300 பிக்சல் அகலத்தில், 15 கேபி. நாற்பதும் சேர்த்து 600 கேபி, ஒன்றேகால் நிமிடத்தில் மொத்தக் கடையும் கண்ணில் பட்டுவிடும். பிடித்ததைத் தொட்டால் மட்டும் பெரிய படம். பக்கத்தை அமைத்துத் தருபவரிடம் "கீழே இருக்கும் படங்களுக்கு லேசி லோடிங் போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாடிக்கையாளர் விரலால் தள்ளிக் கீழே வரும்போதுதான் அந்தப் படங்கள் இறங்கும். குரோமில் 2019 முதலே இது உண்டு, ஒரு வரி வேலை. மேலே முதலில் தெரியும் படங்களுக்கு மட்டும் போட வேண்டாம், அவை தாமதமாகும்.

"சின்னப் படம்தான், ஆனா அதுவும் லேட்டு"

சின்னதாகத் தெரிகிறது, சின்னதாக இல்லை. 4 எம்பி படத்தை ஏற்றிவிட்டு, பக்கத்தில் அதன் மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்கியிருப்பீர்கள். தெரியும் அளவுதான் மாறும். இறங்குவது முழு 4 எம்பிதான். பக்கத்திலிருந்து படத்தைத் தனியாகச் சேமித்து, அது எம்பி கணக்கில் இருந்தால் கோளாறு உறுதி.

வேர்டில் படங்களை ஒட்டி பிடிஎஃப் கேட்லாக் தயாரிப்பவர்களுக்கும் இதே வியாதி. வேர்டில் ஒரு படத்தை கிராப் செய்தால், வெட்டிய பகுதி கண்ணுக்கு மறைகிறதே தவிர கோப்புக்குள் அப்படியே குந்தியிருக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்து கம்ப்ரஸ் பிக்சர்ஸ் போய், வெட்டிய பகுதியை நீக்கும் டிக்கைப் போட்டால்தான் ஒழியும்.

"உங்க லிங்கைத் தொறந்தா போனே தொங்கிடுது"

நெட் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். படமெல்லாம் வந்து சேர்ந்த பிறகு நடப்பது இது, அதுவும் 2 ஜிபி ராம் உள்ள பழைய போன்களில்.

கோப்பு என்பது மடித்து வைத்த சேலை. திரையில் காட்ட வேண்டுமானால் போன் அதை விரித்தாக வேண்டும். விரித்த நீளத்தை முடிவு செய்வது பிக்சல் எண்ணிக்கை மட்டுமே. 4000-க்கு 3000 படம் ஒன்றில் 1.2 கோடி பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் வீதம் ராமில் 48 எம்பி பிடிக்கும். இருபது படம் ஒரே பக்கத்தில் இருந்தால் 960 எம்பி. பிரவுசர் தானாக மூடிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுவது. கம்ப்ரஸ் செய்யும் ஆப் ஒன்றில் போட்டு 4 எம்பியை 300 கேபி ஆக்கியிருப்பார்கள், ஆனால் அளவு அதே 4000-க்கு 3000. இறங்குவது வேகமாகிவிடும், விரிந்தால் மறுபடி அதே 48 எம்பி. தரத்தைக் குறைப்பது வேறு, அளவைக் குறைப்பது வேறு. 1080-க்கு 1440 என்று அளவைக் குறைத்தால் ராமில் 6 எம்பிக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். எப்போதும் முதலில் ரீசைஸ், பிறகு தரம்.

"மேல பாதி வருது, கீழ சாம்பல் கலரா நிக்குது"

ஜேபெக்கில் இரண்டு வகை. சாதாரண வகை மேலிருந்து வரி வரியாக இறங்கும். பாதியில் நின்றால் பார்டர் தெரியும், முந்தி தெரியாது. புரோகிரசிவ் வகையில் முழுப் படமும் முதலில் மங்கலாக வந்து, போகப் போகத் தெளியும். ஐந்தாறு வினாடியிலேயே "இது மாம்பழ மஞ்சள், நமக்கு வேண்டாம்" என்று அடுத்ததற்குப் போய்விடலாம். ஸ்குவூஷில் மோஸ்ஜேபெக் தேர்ந்தெடுத்தால் தானாகவே புரோகிரசிவ். கிம்ப் என்ற இலவச எடிட்டரில் எக்ஸ்போர்ட் செய்யும்போது புரோகிரசிவ் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதனால் கனம் ஏறாது.

"ஒரு சேலையத் தொட்டா வேற சேலை தொறக்குது"

எழுத்து முதலில் வந்துவிடுகிறது. படம் தாமதமாக வந்து இடம் பிடிக்கும்போது கீழே இருப்பதெல்லாம் இறங்குகிறது. விரல் வைத்த இடத்தில் அதற்குள் வேறொன்று. படத்தின் அகலம் உயரம் இரண்டையும் பக்கத்தின் குறியீட்டில் எழுதிவிட்டால் பிரவுசர் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கும். தளம் செய்து கொடுத்தவரிடம் சொன்னால் பத்து நிமிட வேலை.

"விலை எவ்வளவுன்னே தெரியல"

இதைத்தான் நான் பெரிய குற்றம் என்பேன். படத்தின் மேலேயே விலை, நூல், நீளம், "பிளவுஸ் உண்டு" என்று பூவேலைப்பாட்டோடு எழுதி அனுப்புகிறார்கள். அதை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட, இன்னொருவர் சேமித்து மறுபடி ஏற்ற, இப்படிப் புதிதாக ஏற்றும் ஒவ்வொரு முறையும் ஜேபெக் மறுபடி சுருங்குகிறது. எழுத்தின் ஓரங்களில் கொசு மொய்த்தது போலப் புள்ளிகள் சேரும். தமிழுக்கு இது தனிக் கஷ்டம்: மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும், சுங்குடி "சுஙகுடி" ஆகும். அதையாவது யூகிக்கலாம். 1,350 ரூபாய் 1,850 ஆகத் தெரிந்தால் அந்த வாடிக்கையாளர் கேட்காமலே போய்விடுவார்.

எழுத்தை எழுத்தாகவே அனுப்புங்கள். இணையத்தில் வழக்கமான யூடிஎஃப்-8 யூனிகோடு முறையில் தமிழ் குறி ஒன்றுக்கு 3 பைட். "கா" என்றால் க-வுக்கும் காலுக்கும் சேர்த்து 6. பத்து வரி விவரம் எழுதினாலும் 2 கேபி தாண்டாது, 64 கிலோபிட் வேகத்தில் கால் வினாடி. படம் வருவதற்குள் அவர் விலையைப் பார்த்து, நீளத்தைப் பார்த்து, பாதி முடிவுக்கு வந்திருப்பார். பிறகு தேடினாலும் கிடைக்கும். படத்துக்குள் இருக்கும் விலையை வாட்ஸாப்பில் தேட முடியாது.

உங்கள் தளத்தில் போடும்போது ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை என்று ஒரு இடம் இருக்கும், ஆல்ட் டெக்ஸ்ட் என்பார்கள். அநேகர் காலியாக விடுவார்கள், அல்லது "படம் 14" என்று எழுதுவார்கள். படம் வராதபோது அந்த இடத்தில் தெரிவது இதுதான். "அரக்கு உடல், பச்சை பார்டர், மாங்காய் புட்டா, முந்தியில் ஜரிகைக் கோடு" என்று எழுதுங்கள். கண் தெரியாதவர்களுக்குப் போன் இதைத்தான் வாசித்துக் காட்டும்.

வங்கி விவரம், கூரியர் ரசீது போன்றவற்றைப் படமாகத்தான் போட்டாக வேண்டும் என்றால் பிஎன்ஜி. எழுத்தும் தட்டையான நிறமும் மட்டும் உள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்கு அது தெளிவாகவும் இருக்கும், பல சமயம் இளைப்பாகவும் இருக்கும். சேலைப் படத்தைப் பிஎன்ஜியில் சேமித்தால் மட்டும் பல மடங்கு ஊதிவிடும்.

"நேர்ல வேற கலரு, கட்டத்துல ஏதோ அலை அலையா இருக்கு"

கனத்தைக் குறைக்கப் போய் வரும் பக்கவிளைவுகள் இவை, மூன்று வகை உண்டு.

ஐபோனில் எடுத்த படம், 2016-ல் வந்த ஐபோன் 7 முதலான மாடல்களில், டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிற வெளியில் பதிவாகிறது. கனம் குறைக்கும் சில கருவிகள் படத்தோடு ஒட்டியிருக்கும் நிறக் குறிப்பையும் சேர்த்துக் கழற்றி எறிந்துவிடும். பிறகு பார்க்கும் போன் அதைச் சாதாரணப் படமாக எண்ணிக்கொள்ள, சிவப்பும் அரக்கும் வெளுத்துத் தெரியும். குறைப்பதற்கு முன்பே எஸ்ஆர்ஜிபி என்ற சாதாரண நிற வெளிக்கு மாற்றிவிட்டால் இந்தச் சண்டை வராது. கிம்ப்பில் இமேஜ் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் உள்ளது.

இரண்டாவது, அரக்கு உடலும் பச்சை பார்டரும் சேரும் கோட்டில் நிறம் ஒன்றுக்குள் ஒன்று கசிவது. ஜேபெக் வெளிச்சத்தை முழுதாகவும் நிறத்தைப் பாதி நுணுக்கத்திலும் வைத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பொதுவாகத் தெரியாது, சேலை பார்டரில் தெரியும். பார்டர் குளோசப்புக்கு மட்டும் கிம்ப் எக்ஸ்போர்ட்டில் சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில் 4:4:4 (நிறத்தையும் முழுதாக வைப்பது) வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படத்துக்கும் வைத்தால் கனம் ஏறும்.

மூன்றாவது கண்டாங்கிக் கட்டம். நெருக்கமான கட்டத்தை மட்டமான முறையில் ரீசைஸ் செய்தால், சேலையில் இல்லாத அலைகள் படத்தில் வரும். ஸ்குவூஷில் ரீசைஸ் முறை லான்சோஸ் என்று இருப்பதை மாற்றாமல் விட்டாலே பெரும்பாலும் சரியாகும். அதற்கும் மசியவில்லை என்றால் அகலத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

"திறக்கவே மாட்டேங்குது" / "படுத்துக் கிடக்கு"

ஐபோன் 2017 முதல் ஹெயிக் வடிவத்தில் சேமிக்கிறது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் ஜேபெக் ஆகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஹெயிக்காகவே போகும், பழைய ஆண்ட்ராய்டு முழிக்கும். ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய், மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று வைத்துவிட்டால் ஜேபெக்காகவே சேமிக்கும். தளத்துக்கு வெப்பி வடிவம் நல்லது, பெரும்பாலும் ஜேபெக்கைவிடக் கால்பங்கு போல இளைத்திருக்கும். ஆனால் மிகப் பழைய பிரவுசர்களுக்குத் தெரியாது (சஃபாரியே 2020-ல்தான் ஏற்றுக்கொண்டது), மாற்றாக ஒரு ஜேபெக் இருக்கட்டும். படம் பக்கவாட்டில் படுத்திருந்தால், "இப்படித் திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு கழன்றுவிட்டது என்று பொருள். எடிட்டரில் ஒருமுறை திருப்பிச் சேமியுங்கள்.

"உங்க குரூப்பால நெட்டே காலி"

வாட்ஸாப் குரூப்பில் 120 படத்தை ஒரே மூச்சில் கொட்டினால், ஆட்டோ டவுன்லோடு போட்டிருப்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்காமலே இறங்கும். சேலை வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கும் இறங்கும். கேலரியும் நிறையும். "செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிக்கோங்க" என்று சொல்லலாம், ஆனால் அறுபது வயது அக்காவை ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் அனுப்புவதைவிட நீங்கள் குறைத்துப் போடுவது எளிது.

விவரம் தெரிந்த விற்பனையாளர்கள் செய்வது இதுதான்: ஆறு சேலையை ஒரே படத்தில் கட்டம் கட்டி, ஒவ்வொன்றின் மூலையிலும் பெரிய எண் போடுவார்கள். நாற்பது சேலைக்கு ஏழு படம் போதும். கீழே எழுத்தாக "7 – கண்டாங்கி, மெரூன், 1,350" என்று பட்டியல். வேண்டியவர் எண்ணை அனுப்பினால் முந்தி, பார்டர் படங்கள் அவருக்கு மட்டும் தனியாகப் போகும். எச்டி பொத்தானைக் கட்டப் படத்துக்குத் தொடாதீர்கள். குளோசப்புக்கு, அதுவும் அவர் கேட்டால் மட்டும்.

டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது என்று யாரோ கிளப்பிவிட, அதையே பழக்கமாக்கிக்கொண்டவர்கள் உண்டு. தரம் குறையாது, கனமும் குறையாது. போதாக்குறைக்கு, படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி உள்ளே இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காலை வணக்கம் சொல்லும் ஜிமிக்கி ஆடும் ஜிஃப்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

"இவ்வளவு பண்ணியும் வரலைங்க"

மலைக் கிராமம், தொலைதூர எஸ்டேட், ஒரு மூலையில் நின்றால்தான் சிக்னல் என்று இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாமல் போகலாம். வீடியோ கால் பண்ணிக் காட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள், அது இதைவிட மோசமாகத் திணறும். போனில் கூப்பிட்டு, சேலை எண்ணைக் கேட்டு, எந்த நிறம் வேண்டும், எந்த அளவு பார்டர் வேண்டும் என்று பேசி இரண்டு சேலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அந்த இரண்டுக்கும் 480 பிக்சல் அகலத்தில், தரம் 60-ல், 40 கேபி படம் ஒன்று ஒன்று. ஐந்து ஐந்து வினாடி. அனுப்பும் நேரத்தை அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவருடைய டேட்டா நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது என்றால் விடிகாலையில் முழுப் படமே போய்ச் சேர்ந்துவிடும்.